ஹேக்லரா, லெனார்டா? 1987 சண்டைக்கு உங்கள் ஸ்கோர்கார்டு என்ன?

ராயபுரம் ரசிகன்:

இந்த இழையில் ஒரே ஒரு குத்துச்சண்டையைப் பற்றிப் பேசுவோம். 1987 ஏப்ரல் 6, லாஸ் வேகாஸ், சீசர்ஸ் பேலஸ். மிடில்வெயிட் (நடு எடைப் பிரிவு) சாம்பியன் மார்வின் ஹேக்லர், எதிரே சுகர் ரே லெனார்ட். பன்னிரண்டு ரவுண்டும் முடிந்ததும் லூ ஃபிலிப்போ என்ற ஜட்ஜ் 115-113 ஹேக்லருக்குக் கொடுத்தார் (ஒவ்வொரு ரவுண்டிலும் வென்றவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9 புள்ளி; அதன் கூட்டல் இது). டேவ் மொரெட்டி அதே 115-113 லெனார்டுக்கு. ஜோ ஜோ குவெர்ரா 118-110 லெனார்டுக்கு. பட்டம் கை மாறியது. ஹேக்லர் அதற்குப் பிறகு சண்டைக்கு ரிங் ஏறவே இல்லை.

என் கணக்கில் 115-113 ஹேக்லர். 1, 2, 3, 4, 11 ஐந்தும் லெனார்டுக்கு, மீதி ஏழும் ஹேக்லருக்கு. லெனார்ட் ரவுண்டுக்கு ரவுண்டு கடைசி அரை நிமிடத்துக்காகவே காத்திருந்தார். மூலையில் நிற்கும் அவருடைய ஆட்களிடமிருந்து குரல் வரும், உடனே இரண்டு கையாலும் படபடவென்று பொழிவார், கூட்டம் எழுந்து கத்தும், மணி அடித்துவிடும். பார்ப்பவர் மனதில் அதுதான் தங்கும். ஆனால் ரவுண்டு மூன்று நிமிடம். அதற்கு முந்தைய இரண்டரை நிமிடம் யார் முன்னேறினார், யார் கயிற்றோரம் சுற்றினார்? அடி விழும்போதெல்லாம் யார் கட்டிப்பிடித்தார்? நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் அதற்காகப் பலமுறை எச்சரித்தார். ஒரு புள்ளிகூடக் கழிக்கவில்லை.

ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். வர்ணனையும் கூச்சலும் இல்லாவிட்டால் ஹேக்லர் எவ்வளவு வேலை செய்தார் என்பது தெரியும்.

கயல்விழி:

ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்த்தேன் அண்ணா. 115-113 லெனார்ட். உங்கள் கார்டுக்கும் என் கார்டுக்கும் வித்தியாசம் இரண்டே ரவுண்டு. 6, 12 இரண்டையும் நான் லெனார்டுக்குக் கொடுக்கிறேன். மற்ற பத்திலும் நாம் ஒத்துப்போகிறோம்.

முன்னேறிப் போனார் என்கிறீர்கள். போனார்தான். ஆனால் ஜட்ஜ் பார்க்க வேண்டியவை நான்கு: சுத்தமாக இறங்கிய குத்து, பலன் தந்த தாக்குதல், ரிங்கைத் தன் விருப்பப்படி நடத்துவது, தற்காப்பு. முதலிடம் குத்துக்குத்தான். முன்னேறிப் போய் காற்றைக் குத்திவிட்டு வந்தால் அதில் பலன் எங்கே இருக்கிறது? குத்துகளை எண்ணும் கம்ப்யூபாக்ஸின் கணக்கு: ஹேக்லர் வீசியது 792, இறங்கியது 291. லெனார்ட் வீசியது 629, இறங்கியது 306. குறைவாக வீசி அதிகம் இறக்கியவர் லெனார்ட்.

இன்னொன்று. வழக்கமாக இடதுகைக்காரர் போல நின்று ஆடும் ஹேக்லர் முதல் இரண்டு ரவுண்டையும் வலதுகைக்காரர் போல நின்று ஆடினார். பதினொரு வருடம் தோற்காமல் அவரைக் காப்பாற்றிய நிலையை விட்டுவிட்டு, மூன்று வருடம் சண்டையே போடாத ஒருவர் முன்னால் போய் இப்படி நின்றார். இரண்டு ரவுண்டைத் தானாகக் கொடுத்துவிட்டு, பிறகு 115-113இல் தோற்றால் ஜட்ஜை எப்படிக் குற்றம் சொல்வது? அந்த இரண்டில் ஒன்றையாவது எடுத்திருந்தால் மொரெட்டியின் கார்டு 114-114 ஆகியிருக்கும், முழுச் சண்டையும் டிரா.

சவுத்பா:

கிளப் அளவில் அமெச்சூர் சண்டை போட்டவன் என்ற முறையில் அந்த 306, 291 பற்றிச் சொல்கிறேன். அது எந்திரம் எடுத்த கணக்கு இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வீரரைப் பார்த்து, குத்து இறங்கியதாகத் தோன்றும்போது பொத்தானை அழுத்துகிறார்கள். பன்னிரண்டு ரவுண்டில் வித்தியாசம் 15. அதாவது ரவுண்டுக்கு ஒரு குத்து சொச்சம். அதை வைத்து யாரும் யாரையும் வென்றதாகச் சொல்ல முடியாது. தவிர, தோளில் தட்டிவிட்டுப் போகும் குத்தும் அதில் ஒன்று. ஐந்தாவது ரவுண்டில் லெனார்டை உலுக்கிய அந்த அப்பர்கட்டும் (கீழிருந்து மேலே ஏறும் குத்து) ஒன்று.

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை ஒலிம்பிக்கே பார்த்துவிட்டது. 1988 சோல் ஒலிம்பிக்கில் ராய் ஜோன்ஸ் ஜூனியர் பார்க் சி-ஹுனை மூன்று ரவுண்டும் அடித்து நொறுக்கினார், 86 குத்துக்கு 32. ஜட்ஜுகள் 3-2 என்று பார்க்குக்குத் தங்கம் கொடுத்தார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் முறை வந்தது. ஐந்து ஜட்ஜில் மூன்று பேர் ஒரே நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் புள்ளி. அதனால் என்ன ஆயிற்று? உடம்பில் விழும் குத்துக்குப் புள்ளி வருவதே அரிதாகிவிட்டது. நெருங்கி நின்று வேகமாக மூன்று நான்கு குத்து விட்டால் எல்லாம் சேர்ந்து ஒன்றோ சுழியமோதான். பையன்கள் தூர நின்று ஒற்றைக் குத்து விட்டு ஓடப் பழகினார்கள். 2012 லண்டனோடு அதையும் கைவிட்டுத் தொழில்முறைச் சண்டையின் பத்துப் புள்ளி முறைக்கு மாறினார்கள்.

கயல்விழி, உங்கள் 12ஆம் ரவுண்டு பற்றி அப்புறம் வருகிறேன்.

கோவை குமரன்:

நீங்கள் எல்லாரும் டிவியில் பார்த்து ஸ்கோர் போடுகிறீர்கள். அது எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை. உயரத்தில் இருக்கும் கேமரா எந்தக் குத்தின் கனத்தையும் காட்டாது. ரிங்கின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சத்தம் கேட்கிறது, அடி வாங்கியவரின் கண் தெரிகிறது. நாம் போடும் கார்டு பொழுதுபோக்கு, அவ்வளவுதான். அதை வைத்து ஜட்ஜைத் திருடன் என்று சொல்வது அநியாயம்.

ராயபுரம் ரசிகன்:

குமரன், நான் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. தவறான முடிவு என்கிறேன்.

ஜட்ஜுகள் மூன்று பேரும் மூன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்குத் தெரிவது இன்னொருவருக்கு முதுகாகத் தெரியும். 1999 மார்ச்சில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் லெனாக்ஸ் லூயிஸும் ஹோலிஃபீல்டும் மோதியது நினைவிருக்கிறதா? ஐந்தாவது ரவுண்டில் லூயிஸ் அவரைக் கயிற்றில் சாய்த்து வெளுத்தார். யூஜினியா வில்லியம்ஸ் என்ற ஜட்ஜ் அந்த ரவுண்டை ஹோலிஃபீல்டுக்குக் கொடுத்தார். பிறகு வீடியோவில் பார்த்தபோது லூயிஸுக்குக் கொடுத்திருப்பேன் என்றார். மொத்தச் சண்டையில் லூயிஸ் இறக்கியது 348 குத்து, ஹோலிஃபீல்ட் 130. முடிவு டிரா. அன்று டிவி முன் உட்கார்ந்திருந்த ரசிகனுக்கு ரிங்சைடு ஜட்ஜைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

கயல்விழி, உங்களுக்கும் ஒன்று. குவெர்ரா எப்படி அந்த நாற்காலிக்கு வந்தார் தெரியுமா? முதலில் வரவேண்டியவர் இங்கிலாந்தின் ஹாரி கிப்ஸ். ஹேக்லர் தரப்பே அவர் வேண்டாம் என்று சொன்னது, மெக்சிகோவின் குவெர்ரா வந்தார். கிப்ஸ் வீட்டில் டிவியில் பார்த்து ஹேக்லர் ஜெயித்ததாகக் கணக்குப் போட்டார். அவர் அங்கே இருந்திருந்தால் பட்டம் கை மாறியிருக்காது.

கயல்விழி:

அந்தக் கதை தெரியும். அது என் பக்கத்துக்குத்தான் வலு. வேண்டாம் என்று சொன்னது ஹேக்லர் ஆட்கள். 15 ரவுண்டை 12ஆகக் குறைக்கச் சம்மதித்ததும் அவர்கள். பெரிய ரிங்குக்கும் பத்து அவுன்ஸ் கிளவுஸுக்கும் தலையாட்டியதும் அவர்கள். பதிலுக்குப் பணத்தில் பெரிய பங்கு வாங்கிக்கொண்டார்கள். சண்டைக்கு முன்னால் பேரம் பேசும் இடத்திலேயே லெனார்ட் பாதி தூரம் ஜெயித்துவிட்டார். 13, 14, 15ஆம் ரவுண்டு இருந்திருந்தால் களைத்துப்போன லெனார்ட் விழுந்திருப்பார் என்று பலர் சொல்வார்கள். இருக்கலாம். நடக்காத ரவுண்டுக்கு நான் புள்ளி போட முடியாது.

அந்தக் கடைசி அரை நிமிட விஷயம். அதை ஏமாற்று வேலை போலப் பேசுகிறீர்கள். அந்த முப்பது நொடியில் இறங்கிய குத்தும் குத்துதானே? ஹேக்லருக்கும் அதே முப்பது நொடி இருந்தது. மணி அடிக்கும்வரை எதிராளி பொழிகிறார் என்று மூன்றாவது ரவுண்டிலேயே தெரிந்துவிட்டது. அதைத் தடுக்காமல் விட்டது யார் குற்றம்?

புதுமுகம்:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். டோக்கியோ ஒலிம்பிக்கில் மேரி கோம் தோற்ற சண்டை எனக்கு இன்னும் குழப்பம். மூன்றில் இரண்டு ரவுண்டு அவருக்குத்தான் என்று காட்டினார்கள், ஆனால் இங்க்ரிட் வலென்சியா ஜெயித்தார். எப்படி?

சவுத்பா:

தம்பி, எல்லாரும் தடுமாறும் இடம் இது. மேரி கோமேகூட ரிங்கை விட்டு இறங்கிய பிறகும் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்திருந்தார். முதல் ரவுண்டில் ஐந்து ஜட்ஜில் நான்கு பேர் வலென்சியா பக்கம். அடுத்த இரண்டிலும் மூன்று பேர் மேரி கோம் பக்கம், இரண்டு பேர் வலென்சியா பக்கம். ஆனால் ரவுண்டு வாரியாக யார் ஜெயித்தார் என்று கூட்டுவதில்லை. ஒவ்வொரு ஜட்ஜும் தன் கார்டைத் தனியாகக் கூட்டுகிறார். அப்படிக் கூட்டியபோது மூன்று ஜட்ஜின் கார்டில் வலென்சியா முன்னால் இருந்தார். 3-2. முதல் ரவுண்டை 4-1 என்று விட்டதுதான் அடி.

தொழில்முறையிலும் அதே கணக்கு, ஜட்ஜ் மூன்று பேர்தான் இருப்பார்கள். அதனால் வீட்டில் ஸ்கோர் போடும்போது நீ ஒரு ஜட்ஜ். மணி அடித்ததும் 10-9 என்று எழுதிவிடு. அடுத்த ரவுண்டைப் பார்த்துவிட்டு முந்தையதைத் திருத்தாதே. யாராவது தரையில் விழுந்தால் 10-8. அப்புறம் நான் செய்வது ஒன்று: யார் பக்கமும் போகலாம் என்ற ரவுண்டுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுவேன். இந்த ஹேக்லர் சண்டையில் எனக்கு 3, 6, 9, 12 நான்குக்கும் கேள்விக்குறி விழுந்தது. மீதி எட்டும் நாலுக்கு நாலு. அந்த நான்கும் ஒரே ஆளுக்குப் போனாலும் வருவது 116-112தான். அதனால் மொரெட்டியும் சரி, ஃபிலிப்போவும் சரி. 118-110 எந்த வழியிலும் வராது. ஹேக்லருக்கு இரண்டே இரண்டு ரவுண்டு கொடுத்தவர் எந்தச் சண்டையைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

கோவை குமரன்:

இதைத்தான் நானும் கேட்கிறேன். நான்கு ரவுண்டு யாருக்கும் போகலாம் என்றால் ராயபுரம் எப்படி "தவறான முடிவு" என்று சொல்ல முடியும்? நெருக்கமான சண்டை, இரண்டு பேர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். இதில் என்ன அநியாயம் நடந்தது?

ராயபுரம் ரசிகன்:

சவுத்பா கேள்விக்குறி போட்ட நான்கில் ஒன்பதாவது எப்படி வந்தது? அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஹேக்லர் இடதுகையால் அவரைத் தள்ளாட வைத்து மூலையில் அடைத்துவிட்டார். லெனார்ட் அடி வாங்கிக்கொண்டே திருப்பி அடித்து வெளியே வந்தார். அழகான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் தப்பித்து வந்த அழகுக்குப் புள்ளி கிடையாது. அவரை அந்த நிலையில் வைத்தவருக்குத்தான் ரவுண்டு.

கயல்விழி:

ஒன்பதை நானும் ஹேக்லருக்குத்தான் கொடுத்திருக்கிறேன், அதில் சண்டை வேண்டாம். 12க்கு வாருங்கள். லெனார்டின் கால் ஓய்ந்துவிட்டது, கையை உயர்த்திக் காட்டிக்கொண்டே ஆடினார். அந்த ஆட்டத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் ஹேக்லர் துரத்தினாரே தவிர, லெனார்டை நிறுத்தும்படி ஒரு குத்துகூட எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தால் எத்தனையாவது நிமிடம் என்று எழுதுங்கள். நான் போய்ப் பார்க்கிறேன்.

ராயபுரம் ரசிகன்:

நிறுத்தும் குத்து ஒன்று வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உடம்பில் விழுந்ததையும் சேர்த்து எண்ணுங்கள். நிமிடக் கணக்கோடு இன்று இரவு 12ஐயும், கூடவே 6ஐயும் எழுதுகிறேன். சவுத்பா, நீங்களும் ஒலியில்லாமல் அந்த இரண்டை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.