அவசரம்: ஹல்லில் பலகை விட்டு வருது, எந்தக் கோந்து?

தண்டையார்பேட்டை_தச்சு:
மாடல் கப்பல் ஹல் (கப்பலோட அடி உடம்பு) கட்டிட்டு இருக்கேன். அணியம் (முன் முனை) பக்கம் பலகை ஒவ்வொண்ணா விட்டு வருது. எந்தக் கோந்து போட்டா நிக்கும்? ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிக்கணும், சீக்கிரம் சொல்லுங்க.

கட்டுமரம்:
என்ன மரம்? எத்தனை மிமீ? இப்ப என்ன கோந்து போட்டிருக்கீங்க? தண்ணில விடுறதா, கண்ணாடிப் பெட்டில வைக்கிறதா? இது தெரியாம யாரும் சரியா சொல்ல முடியாது.

நொடியில்_ஒட்டு:
சூப்பர் க்ளூ போடுங்க ப்ரோ. தண்ணி மாதிரி ஓடுறது வேணாம், கொஞ்சம் கெட்டியானது. ஒவ்வொரு ஃப்ரேம்லயும் (பலகையைத் தாங்குற குறுக்குச் சட்டம்) ஒரு சொட்டு, 20 எண்ற வரைக்கும் அமுக்கிப் பிடிங்க. கிளிப்பே வேணாம்.

மூத்த_மாலுமி:
இந்தக் கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. பழைய இழைகளைப் படித்துவிட்டு வரலாம் தம்பி. அணியத்தில் மட்டும் விடுகிறது என்றாலே காரணம் தெரிந்துவிட்டது: வளைவு அங்கேதான் அதிகம். பலகையை வளைக்காமல் கோந்தின் பலத்தில் இழுத்துப் பிடித்திருக்கிறீர்கள். எந்தக் கோந்தும் அந்த இழுவிசைக்கு நாள் முழுக்க ஈடு கொடுக்காது.

தண்டையார்பேட்டை_தச்சு:
தேக்கு, 2 மிமீ. வெள்ளைக் கோந்து. ஊறவெச்சு ஈரமாவே ஒட்டினேன். மோட்டார் இருக்கு, தண்ணில ஓடணும்.

கட்டுமரம்:
இதை முதல்லயே சொல்லியிருந்தா நேரம் மிச்சம். மூணு விஷயம் சேர்ந்து விடுது.
ஈரப் பலகை காயும்போது அகலத்துல சுருங்கும், அதுலயே மூட்டு வாய் பிளக்கும். வெள்ளைக் கோந்து தன் தண்ணியை மரத்துக்குள்ள விட்டுத்தான் இறுகுது, மரமே ஊறிக் கிடந்தா அது எங்க போகும்? மூணாவது தேக்கோட எண்ணெய். அது மேல எது போட்டாலும் தோல் மாதிரி உரிஞ்சு வரும்.

செய்ய வேண்டியது: பலகையை அரை மணி நேரம் சுடுதண்ணில போட்டு, ஃப்ரேம் மேல வளைச்சு கிளிப் போட்டு ராத்திரி முழுக்க விடுங்க. காலைல எடுத்தா வளைவு தானா நிக்கணும். நிக்கலைன்னா திரும்ப ஊறவைங்க. அணியத்துல அகலத்தையும் சீவிக் குறைக்கணும், இல்லன்னா பலகை ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். பழைய கோந்தை மரம் தெரியற வரைக்கும் சுரண்டுங்க. 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் அசிட்டோன்ல துடைச்சு, ஆவி போனதும் உடனே ஒட்டுங்க. விட்டா எண்ணெய் உள்ள இருந்து திரும்ப மேல வரும்.
கோந்து: அரால்டைட் ஸ்டாண்டர்ட், அதாவது ரெசினும் ஹார்ட்னரும் (இறுக வைக்கிறது) கலந்து போடுற எபாக்ஸி, ரெண்டும் அளவுல சரிக்குச் சரி. 24 மணி நேரம் தொடாதீங்க. 5 நிமிஷத்துல இறுகுற வகை வேணாம், அது தண்ணிக்கு அவ்வளவு தாங்காது.

நொடியில்_ஒட்டு:
சூப்பர் க்ளூவும் தண்ணிக்கு நிக்கும்ல?

கட்டுமரம்:
கண்ணாடிப் பெட்டிக்கு ஓகே. மோட்டார் அதிர்வுக்கு அது விறைப்பு, தட்டினா விட்டுடும். எண்ணூர், காசிமேடு காத்துல இருக்கிற ஈரத்துக்குப் பக்கத்துல வெள்ளையா பூக்கவும் செய்யும். எபாக்ஸி இறுகுற வரை பலகையைப் பிடிச்சு வைக்க அங்கங்க ஒரு சொட்டு போடலாம், அவ்வளவுதான்.

ராயபுரம்_ரெசின்:
வாட்டர்ப்ரூஃப் வெள்ளைக் கோந்து இருக்கே? கிச்சன் கப்போர்டுக்கு அதானே போடுறாங்க.

மூத்த_மாலுமி:
தண்ணீர் தெறிப்பது வேறு, தண்ணீரில் கிடப்பது வேறு. அந்தக் கோந்தில் தண்ணீர் தாங்கும் தரங்கள் உண்டு: டி3 தரம் அவ்வப்போது நனைவதற்கு மட்டும். டி4 வெளியில் மழை வெயிலுக்கு, அதற்கும் மேலே பெயின்ட் வேண்டும். இரண்டுமே மூழ்கிக் கிடப்பதற்கல்ல.

ராயபுரம்_ரெசின்:
சரி, மேல ஃபைபர் துணி போட்டு பாலியஸ்டர் ரெசின் பூசிடலாமே. காசிமேட்டு ஃபைபர் படகெல்லாம் அதானே? விலையும் கம்மி.

கட்டுமரம்:
அந்தப் படகு அச்சுல வார்க்குறது அண்ணே, ரெசின் மரத்தைப் பிடிக்க வேண்டிய வேலையே இல்ல. தேக்கு மேல பாலியஸ்டர் பிடிப்பு குறைவு, இறுகும்போது சுருங்கி ஓரத்துல தூக்கும். ஃப்ரேம்ல தெர்மாகோல் அடைச்சிருந்தா அதையும் கரைச்சிடும். எபாக்ஸிதான்: எல்.ஒய்.556 ரெசின், எச்.ஒய்.951 ஹார்ட்னர், எடைல 10-க்கு 1. 60 செமீ ஹல்லுக்கு ஒரு பூச்சுக்கு 30 கிராம் ரெசின், 3 கிராம் ஹார்ட்னர் தாராளம். அந்த 3 கிராமை கிச்சன் தராசுல அளக்காதீங்க, நகைத் தராசு வேணும். அகலத் தட்டுல ஊத்திப் பூசுங்க, கப்புல விட்டா நம்ம வெயிலுக்குச் சூடேறி நிமிஷத்துல கட்டியாயிடும்.

ராயபுரம்_ரெசின்:
மரப் படகுக்கு மேல பாலியஸ்டர் போட்டு ஓட்டுறவங்க இருக்காங்க தம்பி. சும்மா ஆகாதுன்னு சொல்லாதீங்க.

மூத்த_மாலுமி:
ஓட்டுகிறார்கள், ஓரம் தூக்கியதும் உள்ளே தண்ணீர் இறங்கி மரம் மக்குகிறது. பாலியஸ்டர் வாங்கியே தீருவீர்களானால் அதோடு சேர்க்கும் கோபால்ட்டையும் (இறுகுவதை வேகப்படுத்துவது) எம்.இ.கே.பி.யையும் (இறுக வைப்பது) நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். ரெசினில் கோபால்ட்டை நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும்.

தண்டையார்பேட்டை_தச்சு:
அசிட்டோன்ல துடைச்சு ரெண்டு துண்டு அரால்டைட்ல ஒட்டிப் பார்த்தேன். இழுத்தா மரம்தான் கிழியுது, மூட்டு விடல. எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி பண்றேன். நன்றி.

கட்டுமரம்:
நல்லது. ஷாஃப்ட் குழாயை (மோட்டார் தண்டு ஹல்லை விட்டு வெளிய வர்ற குழாய்) எதுல ஒட்டினீங்க? அதுவும் வெள்ளைக் கோந்துன்னா துணி போடுறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. பித்தளைக் குழாயைச் சொரசொரப்பா உரசி, எபாக்ஸில மரத்தூள் கலந்து சுத்தி அடைக்கணும்.