ஆப்டோடுக்கு ஒரு தமிழ்ச் சொல்: ‘ஒளியுணரி’ ஏன் பொருந்தாது

வணக்கம்.

செடியின் திசுவுக்குள் அமிலத்தன்மையை ஒளியால் அளக்கிற ஆப்டோடுக்கு ‘ஒளியுணரி’ என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புகையுணரி புகையை உணர்கிறது, வெப்பவுணரி வெப்பத்தை உணர்கிறது. அந்தக் கணக்கில் ஒளியுணரி ஒளியைத்தானே உணர வேண்டும்? அந்தியில் தெருவிளக்கைத் தானாக எரியவைக்கும் சின்ன உறுப்புக்கு அந்தப் பெயர் எப்போதோ போய்விட்டது. ஆப்டோடு உணர்வது அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனியை. ஒளி வெறும் தூது.

அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் பெயர் வைப்பது எளிதாகும். மயிரிழை போன்ற ஒளியிழை ஒன்றின் நுனியை இன்னும் மெல்லியதாக இழுத்து, அதில் ஒரு சாயத்தைப் பதித்துவிடுகிறார்கள். பைரனின் என்ற சாயத்தை எடுத்துக்கொள்வோம். அமிலம் கூடினால் அது 405 நானோமீட்டர் ஒளியை அதிகம் உறிஞ்சும். குறைந்தால் 450-ஐ ஒட்டிய ஒளியை. எதைக் கொடுத்தாலும் திரும்பி வருவது பச்சை ஒளிர்வுதான். இரண்டு ஒளியையும் மாற்றி மாற்றி அனுப்பி, வந்த பச்சைகளின் விகிதத்தைப் பார்த்தால் போதும். நுனியில் எவ்வளவு சாயம் ஒட்டியிருக்கிறது என்ற கவலை இல்லை. பச்சையமும் தன் பங்குக்கு ஒளிரும், ஆனால் அது சிவப்பில். வடிகட்டி வைத்துப் பிரித்துவிடலாம்.

ஒரே சாயம் எல்லா இடத்துக்கும் ஆகாது. செல்லின் உட்கூழான சைட்டோபிளாசத்தின் பிஎச் (அமிலத்தன்மையைச் சொல்லும் எண்; அது குறைந்தால் அமிலம் கூடுதல்) 7.5-ஐ ஒட்டி இருக்கும், செல்லுக்குள் சாறு நிறைந்த பையான வாக்குவோலில் பெரும்பாலும் 5.5. இரண்டு அலகு வித்தியாசம் என்றால் ஹைட்ரஜன் அயனி நூறு மடங்கு. ஒரு மெல்லிய சவ்வுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இப்படி! பைரனின் 7.3-க்கு அக்கம்பக்கத்தில்தான் நன்றாகப் பேசும்; வாக்குவோலுக்குள் போனால் வாயடைத்துப் போகும்.

சரி, பெயருக்கு வருவோம். 1834-இல் ஃபாரடே எலக்ட்ரோடு என்று பெயர் வைத்தபோது, அதன் பின்பாதி வழி என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அதைப் பார்த்துச் செய்ததுதான் ஆப்டோடு. எலக்ட்ரோடுக்குத் தமிழில் மின்வாய், மின்முனை என்று இரண்டும் புழங்குகின்றன. வழி என்ற பொருளுக்கு ‘வாய்’ தான் நெருக்கம். வாயில், வாய்க்கால் எல்லாம் அந்தக் குடும்பம். அதனால் முதலில் ‘ஒளிவாய்’ என்றுதான் எழுதிப் பார்த்தேன். இலைத்துளையை இலைவாய் என்று சொல்வோரும் உண்டு. திறந்திருக்கும் அந்தத் துளை வழியாக நுண்முனையை நுழைத்து, செல்களுக்கு வெளியே இருக்கும் நீரின் பிஎச்சை அளக்கும் வழக்கமும் உண்டு. “இலைவாய்க்குள் ஒளிவாயை நுழைத்து” என்று எழுதியதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆகவே ‘ஒளிமுனை’. பிஎச் ஒளிமுனை, ஆக்சிஜன் ஒளிமுனை என்று தடையில்லாமல் நீளும். ‘அமில ஒளிமுனை’ வேண்டாம். அது காரத்தையும் அளக்கும்.

வேரைச் சுற்றிய மண்ணின் பிஎச்சைப் படம்பிடிக்கத் தகடு வடிவ ஆப்டோடு இருக்கிறதே, அதில் முனை எங்கே என்று கேட்பீர்கள். மின்கலத்திலும் மின்முனை தகடாகத்தான் இருக்கிறது, யாரும் தடுமாறவில்லை. ‘தகட்டு ஒளிமுனை’ என்று போட்டுவிடலாம்.

‘ஒளி அமிலமானி’ என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. மானி என்றால் எண் காட்டும் முழுக்கருவி. முனை அதில் ஓர் உறுப்பு.

ஒன்றை மட்டும் இதிலிருந்து பிரித்துவிட வேண்டும். இழையே இல்லாமல், ஒளிரும் புரதத்தைச் செடியின் செல்களே உண்டாக்கும்படி மரபணுவைச் சேர்த்து, நுண்ணோக்கியில் பார்த்து அளப்பதும் உண்டு. அதை ஒளிமுனை என்றால் பொய். நிறங்காட்டி என்ற சொல் பாடநூல்களில் இருப்பதால், அதே வார்ப்பில் ‘ஒளிர்காட்டி’ என்கிறேன். பைரனினும் ஓர் ஒளிர்காட்டிதான். அதை இழை நுனியில் பதித்தால் ஒளிமுனை.

அப்புறம், திசுவை இழையம் என்று எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒளிமுனை பற்றிய கட்டுரைகளில் மட்டும் திசு என்றே வைத்துக்கொள்ளுங்கள். “இழையத்துக்குள் ஒளியிழை” என்று வந்தால் படிக்கிறவர் பாடு திண்டாட்டம்.