மதுரையை நடந்து சுற்றியவர்கள் வாங்க: வழியில் யாரைப் பார்த்தீர்கள், என்ன சொன்னார்கள்?

வடக்குமாசி:

பிறந்து வளர்ந்த ஊரையே நண்பர்களோடு கால்நடையாகச் சுற்றுகிற பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. கோயில், மகால் பற்றிய விவரம் எங்கே வேண்டுமானாலும் கிடைத்துவிடும். தெருவில் நின்று நம்மோடு பேசிய ஆட்கள் சொன்னது வேறெங்கும் கிடைக்காது. அதைத்தான் இங்கே எல்லோரும் எழுத வேண்டும் என்று ஆசை. நானே தொடங்குகிறேன்.

நாங்கள் நாலு பேர், பள்ளிக்கூடத்துச் சேக்காளிகள். ஒருவன் வீட்டில் தெற்கு ஆவணி மூல வீதியில் நகைப் பட்டறை. ஒருவன் காஜிமார் தெரு. ஒருவன் ஆற்றுக்கு வடக்கே, கோரிப்பாளையம். நான் வடக்கு மாசி வீதி. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே கிளம்பி, வீதிகளில் வண்டி பெருகுவதற்குள் முடித்துக்கொள்வோம்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. யாருடைய தெருவில் நடக்கிறோமோ அவன்தான் முன்னால் போவான், அவன்தான் பேசுவான். காஜிமார் தெருவில் நான் தனியாகப் போய் ஒரு வீட்டுத் திண்ணையை உற்றுப் பார்த்தால், யார் என்ன என்று கேட்கத்தான் செய்வார்கள். அவன் கூட இருந்தால், "யாருப்பா இவங்கள்லாம்?" என்று கேட்கிற பெரியவரிடம் "நம்ம பயலுகதாண்ணே" என்பான். அவ்வளவுதான். அவரே எழுந்து வந்து பள்ளிவாசலின் பழைய கதையையும் எந்தெந்த வீட்டார் எங்கே குடிபோனார்கள் என்பதையும் சொல்ல ஆரம்பித்துவிடுவார். ஒரே ஊர்தான், ஆனால் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சாவி இருக்கிறது. அது அந்தந்தத் தெருக்காரன் கையில் இருக்கிறது.

ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காகப் போவது நமக்கெல்லாம் மனப்பாடம். சித்திரைத் திருவிழாத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்பதைத் தேர்முட்டிப் பக்கம் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாதான் எங்களுக்கு விளக்கினார். "தேரோட்டம் மாசியிலதான் இருந்துச்சு. நாயக்கர் மகராசா சித்திரைக்கு மாத்திப்புட்டாரு. மாசத்தை மாத்துனவரு வீதியை மாத்தலை, அவ்வளவுதான்." கை ஒரு நொடி நிற்கவில்லை. பூவை எடுப்பதும் நாரைச் சுற்றுவதும் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. திருமலை நாயக்கர் செய்த ஒரு மாற்றத்தை இத்தனை சுருக்கமாக எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

ஆனால் என் மனதில் மிக ஆழமாக நிற்பது பத்துத்தூண் சந்தில் கிடைத்த ஒரு மணி நேரம். விளக்குத்தூணுக்குப் பக்கத்தில், ஜவுளிக்கடைகள் நெருக்கியடிக்கிற சந்து அது. அங்கே பத்துப் பெருந்தூண்கள் நிற்கின்றன. நாயக்கர் அரண்மனையில் சொர்க்கவிலாசம், ரங்கவிலாசம் என்று இரண்டு பகுதிகள் இருந்தன. இன்று மகால் என்று டிக்கெட் வாங்கிப் பார்ப்பது சொர்க்கவிலாசத்தில் மிஞ்சியதை. ரங்கவிலாசத்தில் மிஞ்சியவை இந்தப் பத்துத் தூண்கள். பகலில் போனால் தொங்குகிற துணிகளும் பெயர்ப்பலகைகளும் கண்ணை மறைக்கும். விடிகாலையில் கடைகள் மூடியிருப்பதால் தூண்கள் அடி முதல் நுனி வரை தெரிந்தன. மூன்று பேர் கைகோத்துத்தான் ஒன்றைக் கட்டிப்பிடிக்க முடிந்தது. அதைப் பார்த்துச் சிரித்தபடி ஒரு பெரியவர் வந்தார். அதே சந்தில் ஒரு கடையின் இரவுக் காவலர், வேலை முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தவர்.

"கையை நல்லா வச்சுப் பாருங்க தம்பி. ராத்திரி முழுக்கக் குளிர்ச்சியா இருக்கும். வெயில் காலத்துல இதுலதான் முதுகைச் சாச்சுக்குவேன்."

வைத்துப் பார்த்தோம். சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்த இடத்தில் உள்ளே கல் சொரசொரவென்று இருந்தது, பூச்சு இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. எந்தத் தூணில் புறா அடைகிறது, எந்தத் தூண் ஓரம் மழைத்தண்ணீர் தேங்குகிறது என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப்போய்க் காட்டினார். பத்துக்கும் அவர் மனதில் தனித்தனி அடையாளம் இருந்தது. வீட்டுக்குப் போகிற அவசரத்திலும் ஒரு மணி நேரம் எங்களோடு நின்றார். அந்தத் தூண்களை அரசாங்கம் எத்தனை தடவை அளந்திருந்தாலும், அவரைப்போல் முதுகால் அறிந்த ஆள் வேறு யாரும் இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்.

செல்லூர்க்காரி:

நாங்கள் பெண்கள் ஐந்து பேர், எல்லோரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். இரண்டு பேர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார்கள், பொங்கல் லீவுக்கு வந்தால் சேர்ந்து நடப்போம்.

எங்களில் ஒருத்தி சௌராஷ்டிரா வீட்டுப் பெண். அவள் பாட்டி சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். தெற்கு மாசி வீதியில் ஆரம்பித்து, குறுக்குச் சந்துகள் வழியாக அவள் வீட்டுக்கே நடந்து போனோம். பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து வெள்ளைத் துணியை மடிப்பாக வைத்துக்கொண்டிருந்தார். நகத்தால் துணியைச் சிறு நுனியாகக் கிள்ளுவார், நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்குவார், அடுத்ததற்குப் போவார். அந்த முடிச்சு மிளகு அளவுதான் இருக்கும். சாயத்தில் முக்கிக் காயவைத்துப் பிரித்தால், சாயம் ஏறாத அந்த இடம்தான் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் இப்படிப் போட வேண்டும்.

பேத்தியிடம் சௌராஷ்டிரத்தில் பேசுவார், எங்கள் பக்கம் திரும்பியதும் சுத்தமான மதுரைத் தமிழ். "நீங்க கட்டியிருக்கீங்களே, அது அச்சு. தப்பில்ல, அழகாத்தான் இருக்கு" என்று எங்களில் ஒருத்தியின் சேலையைத் தொட்டுப் பார்த்துச் சொன்னார். எப்படிப் பாட்டி கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டோம். முடிச்சுப் போட்ட துணியில் புள்ளி இருக்கும் இடம் கொஞ்சம் சுருங்கி நிற்குமாம், விரலை ஓட்டினால் தட்டுப்படுமாம், புள்ளியும் எல்லாம் ஒரே அளவில் இருக்காதாம். தன் பெட்டியில் இருந்து ஒரு பழைய சேலையை எடுத்து எங்கள் கையில் கொடுத்தார். நாங்கள் ஐந்து பேரும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தோம். தட்டுப்பட்டது.

மதுரைச் சுங்குடிக்கு 2005ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது நல்லதுதான். ஆனால் முடிச்சுக்குக் கிடைக்கிற கூலி உட்கார்ந்து போடுகிறவருக்குக் கட்டுப்படியானால்தான் அடுத்த கை வரும். பாட்டி வீட்டில் அடுத்த கை இல்லை. என் தோழிக்குத் தெரியும், ஆனால் பத்துப் பன்னிரண்டு முடிச்சுக்கு மேல் போட்டதில்லை. அன்றைக்கு எங்களுக்கெல்லாம் பாட்டி ஆளுக்கொரு கைக்குட்டைத் துணி கொடுத்துப் போடச் சொன்னார். நகத்தில் பிடிபடவே நெடுநேரம் ஆனது.

பெண்கள் நடக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கழிப்பறை எங்கே என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வழியை வகுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எப்போதும் யாராவது ஒருத்தியின் உறவுக்காரர் வீடு நடுவழியில் வருகிற மாதிரிதான் போவோம். அப்படி நுழைந்த வீடுகளில்தான் நிறையப் பேச்சும் கிடைத்தது.

வெளிவீதி:

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஓய்வுபெற்ற நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து பழைய கோட்டை மதில் இருந்த வழியை ஒட்டி நடப்போம். நாலு வெளி வீதியையும் சுற்றினால் அந்தக் கோட்டையைச் சுற்றியது மாதிரி. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். விளக்குத்தூண் அவர் நினைவாக வைத்ததுதான். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையில் ஈடுபட்டவர்கள் பெயரில் இருப்பவை. கலெக்டருக்குத் தூண் கிடைத்தது, மேஸ்திரிக்கு வீதியே கிடைத்தது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம். பெருமாள் மேஸ்திரி பெயரை இந்த ஊர் தினமும் சொல்கிறது.

பெரியார் பேருந்து நிலையத்துக்கு எதிரே கோட்டையின் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களிடம் காட்டிப் பேசுவது எங்களுக்கு வழக்கம். ஒரு தடவை உசிலம்பட்டி பஸ்ஸுக்கு நின்ற ஒரு சின்னப் பையன், "தாத்தா, இதுக்கு உள்ள இருந்தா ராஜா ஊரு, வெளிய இருந்தா நம்ம ஊரா?" என்று கேட்டான். அவன் அம்மா அதட்டினார். நான் அவனைச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடத்திக் காட்டினேன். பஸ் வந்துவிட்டது, பாதியில் ஓடிப்போனான்.

டவுன்ஹால் ரோட்டில் கூடலழகர் கோயில் தெப்பக்குளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைகள் சுற்றி வளைத்துக்கொண்டதால் அங்கே ஒரு குளம் இருப்பதே ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாது. ஒரு கடையில் வேலை பார்க்கும் தம்பியிடம் கேட்டதும் பின்பக்கம் கூட்டிப்போய், இடைவெளியில் நடு மண்டபத்தைக் காட்டினார். "இங்க வேலைக்குச் சேர்ந்த மறுநாள்தான் எனக்கே தெரியும்யா. மழை நாள்ல சாப்பாட்டு நேரத்துக்கு வந்து நின்னு பார்ப்பேன்" என்றார். நீராழி மண்டபத்தோடு இருக்கிற ஒரு குளத்தை ஊருக்கு நடுவில் ஒளித்து வைத்திருக்கிறோம். இது சரியில்லை. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றிச் சாயங்காலம் எத்தனை குடும்பம் காற்று வாங்குகிறது! அதே மகிழ்ச்சி இங்கேயும் கிடைக்க வேண்டியது.

தூங்காதவன்:

நாங்கள் ராத்திரியில் நடக்கிறவர்கள். கீழமாசி வீதியை நடுச்சாமத்துக்கு மேல் பாருங்கள். மொத்த மளிகைக்கு லாரி வந்து நிற்கும், மூட்டை இறங்கும். மிளகாய் வத்தல் மூட்டை இறங்குகிற கடை வாசலைத் தும்மாமல் கடக்க முடியாது. மூட்டை இறக்குகிற அண்ணன் ஒருவர், முதுகில் மூட்டை ஏறியதும் பார்க்காமலே இது துவரம்பருப்பு, இது சீனி என்று சொல்லுவார். பருப்பு முதுகில் படிந்து உட்காருமாம், சீனி கல்லாக அழுத்துமாம். கடை அண்ணாச்சி "படிக்கிற பயலுக, தெரிஞ்சுக்கட்டும்" என்று எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். என் நண்பன் ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டான். அண்ணன் விடவில்லை. "இடுப்பு பிடிச்சுக்கிட்டா உங்க வீட்டுக்கு நான் பதில் சொல்லணும்" என்றார்.

வைகைக்கரை:

மேலமாசி வீதியில் காந்தி தங்கிய வீட்டுக்குப் போனவர்கள் யாரும் எழுதவில்லையே. கதவு எண் 251ஏ. 1921 செப்டம்பர் 22 அன்று அங்கேதான் அரை ஆடைக்கு மாறினார். கீழே கதர்க்கடை. வேட்டி வாங்கப் போன எங்களிடம், துணியை அளந்துகொண்டே கடைக்காரர் ஒருவர் பேசினார். "முழு வேட்டியை மடிச்சுக் கட்டுனா அது வேற. அவரு மறுபடி அவுத்துவிடவே இல்ல, அதுதான் விசயம்." அங்கிருந்து காமராசர் சாலை காந்தி பொட்டல் வரை நடந்தோம். அந்த உடையில் அவர் முதன்முதலாக மக்கள் முன் நின்ற இடம் அது. நடந்து போகிற தூரம்தான். வழியெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்கறி வண்டிகள். என் நண்பன் கதர் வேட்டியை வாங்கியது வாங்கியபடி தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

வடக்கு வெளி வீதி சேதுபதி பள்ளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1904ல் பாரதி சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தது அங்கேதான்.

வடக்குமாசி:

எல்லோருக்கும் நன்றி. செல்லூர்க்காரி அக்கா, அந்தப் பாட்டியைப் பார்க்க எங்களையும் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். அவருக்குத் தொந்தரவு இல்லாத நேரமாகப் பார்த்து வருகிறோம். வெளிவீதி ஐயா, நீங்கள் முன்னால் நடந்தால் கோட்டை வழியை ஒரு ஞாயிறு எல்லோரும் சேர்ந்து சுற்றலாம். உங்கள் நடைக்கு எந்த நேரம் தோது என்று மட்டும் சொல்லுங்கள். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்னால் முடித்துவிட்டால் நல்லது. அப்புறம் வீதியில் நடக்க இடம் கிடைக்காது.

கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர்கள் யாரையாவது தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். திருவிழாவுக்கு அழகர் வேடத் துணி தைக்கிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எங்கள் நாலு பேருக்கும் ரொம்ப நாள் ஆசை. அந்தக் கடைப்பக்கம் சாவி வைத்திருக்கிற ஆள் எங்களில் யாரும் இல்லை.