நாய்க்கு இன்சூரன்ஸ்: எதைப் பார்த்து எடுக்கணும், க்ளெய்ம் எங்கே சிக்கும்? மதுரைப் பக்கம் ஐந்து பேர் சொல்வது

பாலிசி முகவர், கே.கே. நகர்:

நாய் இன்சூரன்ஸ்னு ஒரே பேரில் இரண்டு வேற வேற சரக்கு விற்குது. அதைப் பிரிச்சுப் பார்க்காம பிரீமியத்தை மட்டும் பக்கத்துல பக்கத்துல வைத்துப் பார்த்தா கணக்கு தப்பாத்தான் வரும்.

ஒண்ணு, பொதுத்துறை கம்பெனிகள் ரொம்ப காலமாப் போடுறது. மாட்டு இன்சூரன்ஸ் மாதிரிதான். நாய் இறந்தா அதோட சந்தை மதிப்பு கிடைக்கும். நியூ இந்தியா, ஓரியண்டல் போன்ற கம்பெனிகளில் 8 வாரக் குட்டியிலிருந்து 8 வயசு வரைக்கும் எடுப்பாங்க. ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கின நாய்க்கு இதுல அர்த்தம் இருக்கு. தெரிஞ்சவங்க வீட்டில் சும்மா கொடுத்த குட்டிக்கு மதிப்புன்னு என்ன போடுவாங்க? கொஞ்சமாத்தான் போடுவாங்க.

இன்னொண்ணு, ஆஸ்பத்திரிச் செலவுக்கானது. பஜாஜ் அலையன்ஸ் 2020-ல் கொண்டுவந்த பாலிசி இந்த வகை. ஆபரேஷன், அட்மிஷன் ஒரு பிரிவு. இறப்பு, தீராத நோய், நீண்ட காலச் சிகிச்சை, ஓ.பி., நாய் யாரையாவது கடிச்சா வரும் பொறுப்பு, காணாமப் போறது எல்லாம் தனித்தனிப் பிரிவு. வேணுங்கிறதை மட்டும் சேர்த்துக்கலாம். நம்ம ஊர்ல பெரும்பாலானவங்களுக்கு இதுதான் உதவும். பிரிவுகளைச் சேர்க்கும்போது ஆபரேஷன்-அட்மிஷன் தொகையை முதல்ல உயர்த்துங்க. இறப்புத் தொகையை உயர்த்தி அதைக் குறைக்காதீங்க.

பிரீமியத்துக்கு அடுத்து பார்க்க வேண்டியது கழிவு. ஒரு உதாரணக் கணக்கு போடுறேன். பில் 24,000 ரூபாய். அதுல டாக்டர் கட்டணம், ஆபரேஷன், மருந்து 19,000. கழுத்துக் காலர், டின் சாப்பாடு, ஷாம்பூ, வண்டி வாடகை 5,000. இந்த 5,000 பொதுவா முதல்லயே அடிபட்டுப் போகும். மீதி 19,000-ல் 10% கோ-பே (நாம கையிலிருந்து போடுற பங்கு) 1,900 போனா 17,100. ஒரு ஆபரேஷனுக்கு உச்சவரம்பு 15,000-னு ஷெட்யூல்ல (பாலிசியோட விவரத்தாள்) இருந்தா கைக்கு வர்றது 15,000. அதே வரம்பை முதல்ல போட்டுட்டு அப்புறம் கோ-பே கழிச்சா 13,500. எந்த வரிசையில கழிப்பாங்கன்னு வாங்குறதுக்கு முன்னாடியே மெயில்ல கேட்டு, பதிலை வைத்துக்குங்க. ஃபோன்ல சொன்ன பதில் க்ளெய்ம் நேரத்துல நிக்காது.

வருமான வரியில் 80டி கழிவு இதுக்கு வராது. அது மனுஷங்க மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும்.

கால்நடை மருத்துவர், அழகர்கோவில் சாலை:

முகவர் சொன்ன கணக்குக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது: தடுப்பூசிப் புத்தகம். க்ளெய்ம் பிரிப்பவர் முதலில் புரட்டுவது அதைத்தான்.

டிஸ்டெம்பர், பார்வோ, ஹெப்பாடைட்டிஸ், லெப்டோ சேர்ந்த கூட்டு ஊசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் முடியும்வரை போட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி 3 மாதம் முடிந்ததும். பிறகு பூஸ்டர்கள், நம் ஊர் வழக்கப்படி வருடா வருடம். இந்த நோய்களால் வரும் செலவோ இறப்போ, ஊசி நடப்பில் இல்லாவிட்டால் பாலிசியில் வராது. ஒவ்வொரு ஊசிக்கும் குப்பியிலிருந்து உரித்த ஸ்டிக்கர், பேட்ச் எண், தேதி, மருத்துவரின் கையெழுத்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண் ஆகிய ஐந்தும் புத்தகத்தில் இருக்கட்டும். முகாமில் போட்டுத் தேதி மட்டும் எழுதித் தந்த பக்கங்கள்தான் அதிகமாகத் திரும்பி வருகின்றன. பூஸ்டர் கெடு பாலிசி காலத்துக்கு நடுவில் வருகிறதா என்று பார்த்து, கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

மதுரை வெயிலுக்கு உண்ணி வருடம் முழுவதும் இருக்கும். தாய் உண்ணி இரத்தம் குடித்து உப்பிக் கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கட்டில் சந்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்தடித்து வீட்டை விட்டுவிட்டால் அடுத்த மாதமே திரும்ப ஏறும். அது பரப்பும் எர்லிக்கியா கிருமி, கடித்த ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சலாக வெளிப்படலாம்; வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் உடம்பில் இருந்துவிட்டுத் தட்டணுக்களை (பிளேட்லெட்) குறைத்து மூக்கில் இரத்தமாகவும் வரலாம். பாலிசி எடுத்த தொடக்க நாட்களில் வரும் நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலத்தோடு இந்த நோய் மோதுவது இதனால்தான். பாலிசி எடுத்துப் பத்தாம் நாள் காய்ச்சல் வந்தால் பணம் வராது. அறுபதாம் நாள் வந்தாலும் 'முன்பே இருந்த நோய்' என்று கேள்வி எழும்.

இதற்கு ஒரே வழி, விண்ணப்பிக்கும் முன் முழு இரத்தப் பரிசோதனை. தட்டணு எண்ணிக்கை சரியாக இருக்கும் அறிக்கை கையில் இருந்தால் பின்னால் வரும் கேள்விக்கு அதுவே பதில். குறைவாக இருந்தால் முதலில் வைத்தியம். டாக்ஸிசைக்ளின் வழக்கமாக 28 நாள். ஒரு வாரத்தில் நாய் சாப்பிட ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்துபவர்கள் அதிகம், நோய் அங்கேதான் தங்குகிறது. முழுதாக முடித்து, மறுபரிசோதனை செய்து, வந்த நோயை விண்ணப்பத்தில் எழுதியே பாலிசி கேளுங்கள். மறைத்தது தெரிந்தால் அந்த க்ளெய்மோடு பாலிசியும் போகும்.

இன்னொன்று, சிகிச்சைச் சீட்டில் முதல் வரி. "எத்தனை நாளா இப்படி?" என்று நாங்கள் கேட்போம். மூன்று நாளாக நொண்டும் நாய்க்கு, பேச்சுவாக்கில் "அது ரொம்ப நாளாவே இப்படித்தான் சார்" என்று சொன்னால் அப்படியே சீட்டில் ஏறிவிடும். அந்த ஒரு வரி போதும், நோய் பாலிசிக்கு முந்தியது என்று ஆக்க. உண்மைத் தேதியைச் சரியாகச் சொல்லுங்கள். சீட்டைக் கையில் வாங்கியதும் படியுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை இன நாய் வளர்ப்பவர், திருமங்கலம்:

டாக்டர் சார் சொன்னதோட நாட்டு இனத்துக்கு உள்ளதையும் சேர்த்துக்கிறேன்.

நம்ம பக்கத்து நாய்க்குப் பெரும்பாலும் கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பத்திரம் இருக்காது. பத்திரம் இல்லாத நாய்க்கும் பாலிசி உண்டு, ஆனா விண்ணப்பத்துல இனம்ங்கிற கட்டத்துல என்ன எழுதுறோமோ அதுக்குத்தான் பொறுப்பு. சிப்பிப்பாறையா கன்னியான்னு உறுதியா தெரியாட்டி, டாக்டர்கிட்ட இனம், வயசு, எடை, நிறம் எழுதின சான்று வாங்கி அதுல உள்ளதையே எழுதுங்க. வயசைக் குறைச்சு எழுதினா பல்லைப் பார்த்தே ஓரளவு சொல்லிடுவாங்க. சந்தையில, தோட்டத்துல வாங்கின குட்டிக்கு ரசீது இருக்காது. வெள்ளைத்தாள்ல விற்றவர் கையெழுத்தோட ஒரு எழுத்து, தடுப்பூசிப் புத்தகத்துல உங்க பேரு, மாநகராட்சி உரிமம் எடுத்திருந்தா அதோட நகல், இது மூணும் போதும் உரிமைக்கு.

ராஜபாளையத்துக்கு அடையாளம் பெரிய சிக்கல். உடம்பு முழுக்க பால்வெள்ளை, மூக்கு ரோஸ் நிறம், ஒரு மச்சம் கிடையாது. அஞ்சு பக்கம் படம் எடுத்தாலும் பக்கத்து வீட்டு ராஜபாளையத்தோட படம்னு ஒருத்தர் சொல்லிட்டா மறுக்க முடியாது. அதனால மைக்ரோசிப் போட்டுருங்க. அரிசி மணி அளவு, தோள்பட்டை நடுவுல ஊசியால தோலுக்கு அடியில வைப்பாங்க. 15 இலக்கம், ஐஎஸ்ஓ 11784 / 11785 தரம்னு கேட்டு வாங்கணும். அந்தத் தரத்துக்கான ரீடர் 134.2 கிலோஹெர்ட்ஸ். வேற அலைவரிசை சிப் போட்டா இங்க உள்ள ரீடர் படிக்காம போகலாம். போட்ட அன்னைக்கே ரீடரை வைத்து எண்ணைப் படிச்சு, ஸ்டிக்கர் எண்ணோட ஒவ்வொரு இலக்கமா ஒத்துப் பாருங்க. பாலிசி வந்ததும் ஷெட்யூல்லயும் அதே எண் இருக்கான்னு பாருங்க, தட்டச்சுல ஒரு இலக்கம் மாறுறது சாதாரணமா நடக்குது. சில கம்பெனி சிப் இருந்தா பிரீமியத்துல 5% குறைக்குது.

வெள்ளை உடம்புக்கு காது கேளாமையும் கூடவே வரக்கூடிய குறை. பிறவிக் குறையும் பரம்பரை நோயும் பொதுவா எல்லாப் பாலிசியிலும் விலக்கு. லாப்ரடார் இடுப்பு மூட்டு கோளாறும் இதே பட்டியல்தான். குட்டி வாங்கும்போதே அது தூங்குற நேரத்துல, தரை அதிராம, காத்து படாம, பின்னால நின்னு கைதட்டிப் பாருங்க. ஒரு காது மட்டும் கேக்காத குட்டி இதுல தப்பிச்சிரும், அதையும் மனசுல வையுங்க.

பயன்பாடுன்னு ஒரு கட்டம் இருக்கும். வீட்டு நாய்னு எழுதிட்டு மேலூர், நத்தம் பக்கம் மாந்தோப்புக் காவலுக்கு விட்டா, பாம்பு கடிச்ச க்ளெய்ம்ல எங்கே கடிச்சதுன்னு கேப்பாங்க. தோப்புக் காவல்னா அதையே எழுதிக் கேளுங்க. இனவிருத்திக்கு விடுறதும் அப்படித்தான். முயல் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போனா பாலிசியும் கிடையாது, வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட. வேண்டவே வேண்டாம்.

வளர்ப்புப் பிராணி மருந்துக்கடை, அண்ணா நகர்:

பில்லைப் பத்திச் சொல்றேன். துண்டுச் சீட்டுல மொத்தத் தொகை மட்டும் எழுதின பில் போகாது. உங்க பேரு, நாய் பேரு, எழுதிக் கொடுத்த டாக்டர் பேரு, தேதி, மருந்து ஒவ்வொண்ணும் எண்ணிக்கையோட இருக்கணும். மனுஷங்க மெடிக்கல்ல வாங்குற மாத்திரைக்கு உங்க பேரை மட்டும் போட்டுருவாங்க. நாய் பேரையும் போடச் சொல்லுங்க. சீட்டுத் தேதிக்கு முந்தின பில் சேராது. ஆஸ்பத்திரிகிட்ட அறை வாடகை, மயக்க மருந்து, ஆபரேஷன், ஊசி மருந்துன்னு பிரிச்ச பில் கேளுங்க, பேக்கேஜ்னு ஒரே வரி வாங்காதீங்க. ரொக்கமாக் கொடுக்காம யு.பி.ஐ.யில் கொடுத்தா ஆதாரம் தானா இருக்கும். கடை பில் வெப்பத்தாள்ல அடிச்சது, வெயில்ல மேசையில் கிடந்தா ரெண்டு மாசத்துல எழுத்தே தெரியாது. வாங்கின அன்னைக்கே ஃபோட்டோ எடுத்திருங்க.

கால்நடை மருத்துவர், அழகர்கோவில் சாலை:

பெண் நாய் வைத்திருப்பவர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும்: கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் பயோமெட்ரா பாலிசியில் வருமா? கருத்தடை செய்யாத, நடுவயதைத் தாண்டிய நாய்களுக்கு, ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து நான்கிலிருந்து எட்டு வாரத்தில் அதிகம் வரும் நோய் இது. அறுவைச் சிகிச்சைதான் தீர்வு. சில பாலிசிகள் 'இனப்பெருக்கம் சார்ந்தவை' என்ற விலக்கில் இதையும் தள்ளிவிடுகின்றன. கருத்தடை அறுவையின் செலவு வராது என்பது வேறு விஷயம். ஆனால் அதைச் செய்துவிட்டால் இந்தப் பேச்சே எழாது.

ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு, ராஜபாளையம் போன்றவற்றுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்வது சில மணி நேரத்தில் உயிரை எடுக்கும். வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருந்தால் காப்பீட்டு அனுமதிக்காகக் காத்திருக்காதீர்கள். முதலில் மேசையில் ஏற்றுங்கள், தகவலை வழியிலேயே தெரிவியுங்கள். பெரிய சிகிச்சைக்கு திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ சென்னை வேப்பேரிக்கோ அனுப்ப நேர்ந்தால், வண்டிச் செலவு பெரும்பாலும் உங்களுடையதுதான். அனுப்பி வைக்கும் மருத்துவரின் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு ஊர் பில்களையும் ஒரே நோயாகக் கோப்பது அந்தக் கடிதம்.

பாலிசி முகவர், கே.கே. நகர்:

நாய் இறந்துட்டா என்ன செய்யணும்னு யாரும் கேக்க விரும்ப மாட்டாங்க. ஆனா அந்த நேரத்துல யோசிக்க முடியாது, அதனால இப்பவே சொல்லிடுறேன். புதைக்கிறதுக்கு முன்னாடி கம்பெனிக்குத் தகவல் சொல்லி, க்ளெய்ம் எண் வாங்கணும். 24 மணி நேரமா 48-ஆன்னு பாலிசியில இருக்கும். டாக்டரோட இறப்புச் சான்று, அவங்க கேட்டா பிரேதப் பரிசோதனை அறிக்கை, சிப் எண் தெரியுற மாதிரி படம். நம்ம வெயிலுக்கு சில மணி நேரத்துலயே உள்ளுறுப்பு கெட ஆரம்பிக்கும், அப்புறம் காரணம் சொல்ல முடியாது. நிழல்ல வைத்து, பிளாஸ்டிக்ல சுத்தி, சுத்தியும் ஐஸ் போடுங்க. ஃப்ரீசர்ல வைக்காதீங்க, திசு உடைஞ்சு பரிசோதனை கெட்டுப்போகும்.

தீபாவளி வெடிச் சத்தத்துல மிரண்டு ஓடிப்போற நாய்க்குக் காணாமப் போனதுக்கான பிரிவு எடுத்திருந்தா, அன்னைக்கே ஸ்டேஷன்ல புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பதிவு செய்ததுக்கான சீட்டு) வாங்குங்க. மறுநாள் போனா ஏன் தாமதம்னு முதல் கேள்வி அதுதான்.

வழக்கறிஞர், மாவட்ட நீதிமன்றம்:

மூன்றாம் நபர் பொறுப்புப் பிரிவு பற்றிச் சுருக்கமாக. உங்கள் நாய் வெளியாளைக் கடித்து, அவருக்கு நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டுக்குத்தான் இது. வீட்டில் உள்ளவர்களும் வேலை செய்பவர்களும் பொதுவாக இதில் வரமாட்டார்கள். பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவின்படி, வளர்ப்பு விலங்கை அலட்சியமாக விட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தை எந்தப் பாலிசியும் கட்டாது. கடிபட்டவரிடம் நீங்களாகவே "இவ்வளவு தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கம்பெனியின் சம்மதமின்றி ஒப்புக்கொண்ட தொகையை அவர்கள் மறுக்க முடியும். ஆனால் தடுப்பூசிக்கு அவரை உடனே கூட்டிச் செல்வது உங்கள் கடமை, அதற்கு யார் சம்மதமும் வேண்டியதில்லை.

க்ளெய்மை மறுத்தால், எந்த விதி எண்ணின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலோ 155255 எண்ணிலோ பதிவு செய்யலாம். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்). தமிழ்நாட்டுக்கு சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைக்க அங்கே அனுமதியும் இல்லை, நீங்களே பேசலாம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அந்தக் கணக்கு, உங்கள் புகாரைக் கம்பெனி நிராகரித்த பதில் கிடைத்ததிலிருந்து ஓடும்; பதிலே வராவிட்டால், புகார் அனுப்பி ஒரு மாதம் முடிந்ததிலிருந்து. அதனால் மறுப்புக் கடிதத்தை உறையோடு எடுத்து வையுங்கள், மெயிலாக வந்தால் அழிக்காதீர்கள்.