கான்டினென்டல் ஜிடி 650: அன்றாடப் பயணத்துக்கு ஒத்துவருமா?

கேள்வி:
தாம்பரத்திலிருந்து அம்பத்தூருக்கு நாள்தோறும் பைக்கில் போய்வருகிறேன். ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650 மீது வெகுநாளாக ஒரு கண். வயதோ நாற்பதைத் தாண்டிவிட்டதால், குனிந்து ஓட்ட மணிக்கட்டும் இடுப்பும் இடம்கொடுக்குமா என்று வீட்டில் கேட்கிறார்கள். அந்தப் பழைய தோற்றத்துக்குள் இருப்பது உண்மையிலேயே இக்காலப் பொறியியல்தானா என்பதையும் வைத்திருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
இன்ஜினைப் பற்றி ஐயமே வேண்டாம். 648 சிசி இரட்டைச் சிலிண்டர், 47 குதிரைத்திறன், 6 கியர், கியரைச் சட்டென்று குறைத்தாலும் பின்சக்கரம் வழுக்காமல் காக்கும் ஸ்லிப்பர் கிளச், இரு சக்கரங்களுக்கும் ஏபிஎஸ். கிராங்க்கை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை, 270 பாகையில் அமைத்திருப்பதால் சிலிண்டர்கள் சம இடைவெளியில் எரிவதில்லை. ஒன்று எரிந்து 270 பாகை கழித்து மற்றது, அதன்பின் 450 பாகை கழித்து மீண்டும் முதலாவது என்று மாறி மாறி எரிவதே சைலென்சரில் கேட்கும் அந்தத் தத்தல் தாளத்துக்குக் காரணம். 1965-இல் வந்த ஒற்றைச் சிலிண்டர் 250 சிசி ஜிடியிடமிருந்து இதற்குக் கிடைத்தவை பெயரும் சாயலும்தான். லண்டன் ஏஸ் கஃபேயில் கூடிய அக்கால இளைஞர்கள் மணிக்கு 100 மைலை எட்டுவதற்காகக் காற்றுக்குக் குனிந்தார்கள். மதுரவாயல் நெரிசலில் நீங்கள் எதற்குக் குனிவீர்கள்?

மறுமொழி 2:
நான்கு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே நெஞ்சைத் தாங்கிக்கொள்வதால் கைக்குப் பாரம் தெரியாது. இருபதில் ஊரும்போதோ மேலுடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கையின் அடிப்பகுதியில் வந்து இறங்கும். முதல் மாதம் வீடு திரும்பினால் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கவே மணிக்கட்டு வலிக்கும். முழங்கால்களால் டேங்க்கை இறுக்கிப் பிடித்து, முழங்கைகளைத் தளர விட்டு ஓட்டப் பழகிய பிறகே அது நின்றது. இடுப்பு வலி முன்பே இருந்தால் இன்டர்செப்டர் 650-ஐப் பாருங்கள். அதே இன்ஜின்தான், நிமிர்ந்து உட்காரலாம். எதை வாங்கினாலும் டியூப் இல்லாத டயரோடு வரும் அலாய் சக்கரம் உள்ளதாக வாங்குங்கள். கம்பிச் சக்கரத்தில் டியூப் இருப்பதால், பஞ்சரானால் சக்கரத்தையே கழற்ற வேண்டியிருக்கும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நண்பரின் ஜிடியை ஞாயிறு காலையில் பைபாஸில் ஓட்டியபோது இறங்கவே மனமில்லை. அதே வண்டியை திங்கள் மாலை நெரிசலில் ஓட்டிவிட்டு, இன்டர்செப்டருக்கு முன்பணம் கட்டிவிட்டேன். நண்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை மாற்றிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்.