ஜிபியு இருக்கா, இல்லையா: ப்ரோகிராம் சொன்ன பதிலை நம்பி மாட்டிய அனுபவங்கள்

இரவு ஷிப்ட்
பைடார்ச்சில் (ஏஐ மாடல்களைப் பயிற்றுவிக்கும் பைத்தான் நூலகம்) எழுதிய மாடல் பயிற்சியை சர்வரின் ஜிபியுவில் (கணக்குகளை வேகமாகச் செய்யும் கிராஃபிக்ஸ் கார்டு) ஓடவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம். காலையில் வந்து பார்த்தால் முதல் எபாக்கே (டேட்டா முழுவதையும் ஒருமுறை கடக்கும் சுற்று) முடியவில்லை. எரரும் இல்லை. ஹோஸ்டில், கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கமாண்டை அடித்தேன். கார்டு இருக்கிறது, பயன்பாடு 0%, கீழே ப்ராசஸ் பட்டியல் காலி. பக்கத்து டெர்மினலில் ஹெச்-டாப், சிபியுவின் அத்தனை கோரும் 100% முட்டி நிற்கிறது. ப்ரோகிராம் ஓடும் டாக்கர் கன்டெய்னரை ‘--ஜிபியுஸ் ஆல்’ போடாமல் கிளப்பியிருக்கிறார்கள், அதனால் உள்ளே கார்டு தெரியவில்லை. குடா (என்விடியா கார்டில் கணக்குப் போட உதவும் மென்பொருள்) கிடைக்கிறதா என்று பார்க்கும் இஸ்_அவைலபிள் ஃபால்ஸ் சொல்ல, ‘குடா இல்லாவிட்டால் சிபியு’ என்ற அந்த வழக்கமான வரி சத்தமில்லாமல் வேலையை சிபியுவுக்குத் தள்ளிவிட்டது. ஜிபியு கிடைக்கவில்லையென்றால் ப்ரோகிராம் அங்கேயே நிற்க வேண்டும்.

ஆய்வகத்து ஆள்
எனக்கு நேர் எதிர். இஸ்_அவைலபிள் ட்ரூ என்றுதான் சொன்னது. 2025-இல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5090; பெயரைக்கூடச் சரியாகச் சொன்னது. பேராசிரியர் பின்னால் நின்று பார்க்கிறார், முதல் டென்சரை (எண்களின் அடுக்கு) பெருக்கச் சொன்னதும் ‘நோ கெர்னல் இமேஜ்’ என்று விழுந்தது. கார்டின் கட்டமைப்பு எஸ்எம்_120, எங்களிடம் இருந்த பைடார்ச் 2.6 அதற்குக் கம்பைல் ஆனதே இல்லை. 2.7-இன் குடா 12.8 பில்டைப் போட்டோம், ஓடியது. அந்த ட்ரூவை இன்னும் மறக்க முடியவில்லை.

கெர்னல் கதிர்
இரவு ஷிப்ட், நிற்க வேண்டும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லேப்டாப்பில் டெஸ்ட் ஓட்டுகிறவர் என்ன செய்வார்? லாக்கில் ஒரு எச்சரிக்கை போதும். என் கதை சின்னது: நண்பர் விண்டோஸில் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். வெறும் ‘பிப் இன்ஸ்டால் டார்ச்’ அங்கே சிபியு பில்டைத்தான் இறக்கும். எந்த குடாவுக்கான பில்ட் என்று சொல்லும் டார்ச்.வெர்ஷன்.குடா ‘நன்’ (எதுவும் இல்லை) என்று காட்டியது, அவ்வளவுதான். அதனால் என்விடியா கார்டு வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் குடா_விசிபிள்_டிவைசஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் காலியாக செட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கார்டு கண்ணிலேயே படாது. எஸ்எம்ஐ-யின் மேல் மூலையில் தெரியும் குடா எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். அது டிரைவர் தாங்கும் உச்ச வெர்ஷன், நீங்கள் இன்ஸ்டால் செய்தது அல்ல. மேக் என்றால் எம்பிஎஸ் (ஆப்பிள் ஜிபியுவுக்கான வழி) இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும். ஏஎம்டி கார்டில் ராக்எம் (குடாவுக்கு ஏஎம்டியின் மாற்று) பில்ட் போட்டிருந்தால் இதே குடா கேள்விக்கே ட்ரூ வரும். எல்லாம் பார்த்த பிறகும் சின்ன மேட்ரிக்ஸ் ஒன்றைக் கார்டில் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் பெரிய வேலையைத் தொடங்க வேண்டும்.

இரவு ஷிப்ட்
கதிர், லேப்டாப்காரர்களுக்கு ஒரு ஃப்ளாக் வைத்துக்கொடுங்கள். சர்வரில் ராத்திரி ஓடும் லாக்கை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்? பெருக்கிப் பார்க்கும் யோசனை நல்லது, அதில் தோற்றாலும் நிற்கட்டும்.