நோ-கோட் கேம் எஞ்சின்: நாளைக் காலைக்குள் ஒரு சொல் வேண்டும்

வியாசர்பாடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாலை வகுப்பில் எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகள் கணினியில் கேரம் செய்கிறார்கள். பாதிப் பேர் கோட் எழுதாமல் கட்டளைகளைத் தேர்ந்து அடுக்கும் ஜிடெவலப்பில், பாதிப் பேர் கோட் எழுதும் கோடாட்டில். இரண்டும் கேம் செய்யும் மென்பொருள், அதாவது கேம் எஞ்சின். இரண்டையும் ஒப்பிட்டு நான்கு பக்கக் கையேடு எழுதிவிட்டேன். நாளைக் காலை ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டும். ஜிடெவலப் போன்ற நோ-கோட் எஞ்சினுக்குக் 'கோடில்லா எஞ்சின்' என்று பலகையில் எழுதினேன். ஒரு பெண் எழுந்து, "கோடு போடாத நோட்டு மாதிரியா மிஸ்?" என்றாள். அவள் கேட்டது நியாயம். நல்ல சொல் கொடுங்கள்.

பெரம்பூரிலிருந்து:

அம்மா, கோடுக்கு நிரல், எஞ்சினுக்குப் பொறி. 'நிரலில்லா விளையாட்டுப் பொறி' என்று போடுங்கள். பொறி நமக்குப் பழைய சொல். சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் வளைவிற் பொறி இருக்கிறது. சீவக சிந்தாமணியில் சீவகனின் தாய் விசயை, தச்சன் செய்த மயிற்பொறி ஏறிப் பறக்கிறாள். வலப்புறம் திருகினால் ஏறும், இடப்புறம் திருகினால் இறங்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் அறிய வேண்டியதில்லை. நோ-கோட் என்பதும் அதுவே.

தண்டையார்பேட்டையிலிருந்து:

ஐயா, பொறி இருக்கட்டும், 'நிரலில்லா' வேண்டாம். 'ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால்' என்று நிபந்தனை வைத்து, 'ஒரு காயை நடுவில் திருப்பி வை' என்று செயல் வைக்கிறார்களே, அது நிரல் இல்லாமல் வேறென்ன? நிரல் என்றாலே வரிசை. நிரனிறை அணி படித்த நமக்கு இது தெரியாதா? ஜிடெவலப்பில் எழுதும் வேலைதான் இல்லை. யோசிக்கும் வேலை அப்படியே இருக்கிறது. 'நிரலில்லா' என்று சொன்னால், அந்தப் பாதிப் பிள்ளைகள் தாங்கள் செய்வது உண்மையான வேலை இல்லையென்று நினைத்துவிடுவார்கள்.

வியாசர்பாடியிலிருந்து:

அதை நேற்றே பார்த்தேன் அண்ணா. காய் ஓடி நிற்பதற்கு இரண்டு எஞ்சினிலும் ஒரு எண்தான், வேகத் தணிப்பு. அதை மாற்றி மாற்றி, பவுடர் போட்ட போர்டு மாதிரி வழுக்கும்வரை இரண்டு கூட்டமும் விடவில்லை. வித்தியாசம் தெரிந்தது 'ரெட் போட்டால் பாலோ போடணும்' என்ற விதியில்தான். ஜிடெவலப் பிள்ளைகள் அதை வெள்ளைக்கு ஒருமுறை, கறுப்புக்கு ஒருமுறை அடுக்கினார்கள். அப்புறம் வெள்ளையில் திருத்தியதைக் கறுப்பில் திருத்த மறந்தார்கள். கோடாட் பிள்ளைகள் ஒரே செயற்கூறாக (ஃபங்ஷன்) எழுதி இரண்டுக்கும் அதையே அழைத்தார்கள். ஆனால் ஒரு வரியை உள்தள்ளாமல் விட்டதில் ஆட்டமே ஓடவில்லை. பிழைச்செய்தி ஆங்கிலத்தில். அரை மணி நேரம் போயிற்று.

திருவொற்றியூரிலிருந்து:

பெரம்பூர் ஐயா மன்னிக்கணும். பிள்ளைகள் விசயை இல்லை. கேரம் ஆட வருகிறவன்தான் விசயை. அடுக்கினாலும் எழுதினாலும் பிள்ளை மயிற்பொறி செய்த தச்சன். கை என்ன செய்கிறதோ அதையே பெயராக வையுங்கள்: அடுக்குநிரல், எழுதுநிரல். அன்ரியல் என்ற எஞ்சினில் 2014 முதல் படமாக நிரல் அமைக்கும் புளூபிரிண்ட் இருக்கிறது, கூடவே சி++ மொழியில் எழுதலாம். கோடாட் 2018-இல் படமாக நிரல் அமைக்கும் வசதி கொடுத்தது, 2023-இல் வந்த நான்காம் பதிப்பில் அதை எடுத்துவிட்டது. ஒரே எஞ்சினில் இரண்டும் வரும், போகும். அதனால் 'இல்லா', 'அற்ற' எதுவும் நிற்காது.

ராயபுரத்திலிருந்து:

எஞ்சினை மட்டும் விட்டுவிடுங்கள். பொறி என்றால் நம் பிள்ளைகளுக்கு எலிப்பொறிதான் ஞாபகம் வரும். 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடிய ஊர் இது. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 1955 முதல் பெட்டி செய்கிறார்கள். பெட்டி வேறு, எஞ்சின் வேறு என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். கேரம் போர்டும் காயும் விதியும் பிள்ளைகள் செய்த பெட்டி, இழுத்துக்கொண்டு போவது எஞ்சின்.

பெரம்பூரிலிருந்து:

தம்பி, எலிப்பொறி மட்டுமா பொறி? குறளில் 'பொறிவாயில் ஐந்தவித்தான்' என்ற இடத்தில் அது புலனுறுப்பு. தீப்பொறியும் பொறி, வில்-புலி-கயல் முத்திரையும் பொறி. பொறியியல் கல்லூரிக்கு அனுப்பத் துடிக்கிறோம், பொறி என்ற சொல் மட்டும் புரியாதா? பிள்ளை கேட்டுப் பழகினால் புரியும். நாம் சொல்லாமல் எப்படிப் பழகும்?

தண்டையார்பேட்டையிலிருந்து:

'அடுக்கு'க்கு ஒரு தடை. கையேட்டின் மூன்றாம் பக்கத்தில், படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் லேயருக்கும் அடுக்கு என்றுதான் இருக்கிறது. 'தொடுநிரல்' யோசித்தேன், பூத்தொடுக்கிற மாதிரி. தொடுதிரை என்று நினைத்துக்கொள்வார்கள். 'கோப்பு' ஏற்கெனவே ஃபைலுக்குப் போய்விட்டது.

வியாசர்பாடியிலிருந்து:

லேயரைப் 'படலம்' என்று மாற்றிவிட்டேன். இரவு பதினொன்றரை ஆகிறது. திருவொற்றியூரும் ராயபுரமும் சொன்னபடி 'அடுக்குநிரல் எஞ்சின்', 'எழுதுநிரல் எஞ்சின்' என்று போட்டு அனுப்புகிறேன்.

பெரம்பூரிலிருந்து:

அடுக்குநிரல், எழுதுநிரல் இரண்டும் ஊறுகாய் போல வினைத்தொகை. நடுவில் ஒற்றுப் போட்டுவிடாதீர்கள், பிரித்தும் எழுதாதீர்கள். எஞ்சினை நான் ஏற்கவில்லை. எனக்கு ஒரு படி எடுத்து வையுங்கள் அம்மா, அதில் 'பொறி' என்று திருத்தி என் வகுப்பில் கொடுத்துப் பார்க்கிறேன்.